பூட்டிய படலைகளின் ஊரில் ஒரு வீடு வேண்டுமாம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் நெதர்லாந்திலிருந்து ஓர் அழைப்பு. அழைத்தவன் திருகோணமலையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எண்பதுகளின் இறுதியில் கடல் கடந்தவன், இன்று பேரப்பிள்ளை கண்டவன். உட்ரெக்ட், றொட்டர்டாம் ஆகிய பெருநகரங்களுக்கு இடைப்பட்ட ஒரு சிற்றூரில் அவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது. வாசலுக்கு முன்னால் வாய்க்கால், வாய்க்காலில் வாத்து, இரவு ஒன்பது மணிக்குப் பின் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. இவற்றையெல்லாம் வருணித்துவிட்டு விடயத்துக்கு வந்தான்.

"மச்சான், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இதே மாதிரி அமைதியான இடமாப் பாத்து ஒரு வீடு சொல்லு. காசு பிரச்சினையில்லை."

அந்தக் கடைசிச் சொற்கள் என்னை உறுத்தின. அவனுக்குச் சொன்ன மறுமொழியையே இங்கும் எழுதுகிறேன். எழுதவேண்டிய காரணம், இவ்வழைப்பு எனக்கு வந்த முதல் அழைப்பன்று. கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் இலண்டனிலிருந்தும் இதே கோரிக்கை, ஏறத்தாழ இதே சொற்களில், ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது. பத்திரிகைக்காரன் என்றால் காணித் தரகனும் அவனே என்ற எண்ணம் எப்படி வந்ததோ, நானறியேன்.

அமைதியான இடம் என்கிறான். உப்புவெளி அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்பதை அவன் கேட்கவில்லை. 1985இலும் 1990இலும் இவ்வூர்களிலிருந்து ஓடியவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவே இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து இன்னொரு பகுதியை எடுத்துச் சென்றது. அதன்பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு ஒரு கோடு கீறிற்று. ஏழையின் குடிசைக்கு அந்தக் கோடு இரும்பாக இருந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இன்று அக்கரையோரம் நெடுகிலும் விடுதிகள். நண்பன் காதில் விழும் நிசப்தத்தின் பாதி, ஆட்கள் இல்லாமற்போன நிசப்தம்.

துறைமுகத்தின் மறுகரையில் சம்பூர் இருக்கிறது. 2006 ஏப்ரலில் அங்கிருந்து மக்கள் ஓடினார்கள். 2007இல் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. பின்னர் அனல் மின் நிலையத்துக்கு என்றார்கள். 2015, 2016இல் காணிகள் கட்டங்கட்டமாகத் திரும்பின. அனல் மின் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் அம்மக்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முன்னால் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியை நான் மறக்கமாட்டேன். அவரிடம் பத்திரம் இருந்தது. நிலந்தான் இல்லை.

என் நண்பனுக்கு இவையெல்லாம் தெரியாதவை அல்ல. அவனும் ஓடியவனே. ஆயினும் வாங்குபவன் நாற்காலியில் அமர்ந்ததும் மனிதனுக்கு மறதி வந்துவிடுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க, காணி பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள் சட்டம், வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடை செய்கிறது. குத்தகைக்கு எடுக்கலாம், அதிகபட்சம் 99 ஆண்டுகள். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. நெதர்லாந்துக் குடியுரிமை பெற்றபோதே என் நண்பன் இலங்கைக் குடியுரிமையை இழந்துவிட்டான். ஆகவே, திருகோணமலையில் பிறந்து, திருகோணமலைக் கடலில் நீந்தப் பழகிய அவன், சட்டத்தின் கண்ணில் நேற்றுவந்த உல்லாசப் பயணிக்குச் சமமானவன்.

இந்த இடத்தில் நான் அவன் பக்கமே நிற்பேன். சீனன்குடாவில், இரண்டாம் உலகப்போருக்கு முன் ஆங்கிலேயன் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கின்றன. இன்னொன்று 1942 ஏப்ரலில் யப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது. அவற்றில் 14ஐ 2022 சனவரியில் 50 ஆண்டுகளுக்கு இந்திய நிறுவனமொன்றின் கிளைக்குக் கொடுத்தார்கள். 61ஐக் கூட்டு நிறுவனத்துக்கு எழுதினார்கள். நல்லதோ கெட்டதோ, அது வேறு விவாதம். அத்தனை பெரிய நிலப்பரப்பை அரை நூற்றாண்டுக்கு அந்நியருக்கு எழுதிக்கொடுக்கத் தயங்காத ஓர் அரசு, நாட்டைவிட்டு உயிர் தப்பி ஓடியவன் பத்துப் பேர்ச் வாங்க வந்தால் "நீ அந்நியன்" என்கிறது. ஓடவைத்ததும் அதே அரசுதானே?

இரட்டைக் குடியுரிமை எடுத்தால் போயிற்று என்பார்கள். 2011இல் நிறுத்தப்பட்ட அவ்வசதி 2015இல் மீண்டும் வந்தது, உண்மைதான். ஆனால் நெதர்லாந்துச் சட்டம் பொதுவாக, தன் குடிமகன் விரும்பி வேறு குடியுரிமை எடுத்தால் தன்னுடையதைப் பறித்துவிடும். விலக்குகள் சில உண்டு. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அவை பெரும்பாலும் உதவா. வழக்கறிஞரைக் கேளாமல் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால் ஒரு கடவுச்சீட்டை வாங்கி மற்றதைத் தொலைக்க நேரும்.

ஆகவே நம்மவர் கண்டுபிடித்த குறுக்குவழி என்ன? தம்பி பெயரில் வாங்குவது, மருமகன் பெயரில் வாங்குவது. இந்த வழியில் உடைந்த குடும்பங்களை நான் விரல்விட்டு எண்ண முயன்று, விரல் போதாமல் விட்டுவிட்டேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலாக, காணிக் கைமாற்றம் நொத்தாரிசின் முன் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். எழுதப்பட்ட பெயரே உரிமையாளன் பெயர். காசு யாருடையது என்று உறுதிப் பத்திரம் பேசாது. தம்பி இறந்தபின் தம்பி மனைவி "அண்ணன் அன்பளிப்பாகத் தந்தது" என்றால், றொட்டர்டாமில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்?

இதைவிடக் கொடியது பேர்மிட் காணி. இம்மாவட்டத்தில் ஏழைகள் குடியிருக்கும் நிலத்தின் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற அரச காணி. பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி அதைக் கைமாற்ற இயலாது. எனினும் தரகன் ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விற்கிறான். விற்பவள் கணவனை இழந்தவள், மகளின் திருமணத்துக்குக் காசு வேண்டும். வாங்குபவர் வெளிநாட்டில். அவளிடம் நிலம் போகிறது, இவரிடம் சட்டப்படி எதுவும் வருவதில்லை. இடையில் கொழுப்பவன் தரகன் மட்டுமே.

நண்பன் நெதர்லாந்தில் வீடு வாங்கியபோது நடந்ததை அவனே எனக்கு முன்பொருமுறை சொல்லியிருக்கிறான். 1832இலிருந்து இயங்கும் நிலப்பதிவேட்டில் யாருடைய காணி, என்ன கடன் என்று நிமிடத்தில் பார்த்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் மனம் மாறுவதற்கு மூன்று நாள் அவகாசம் சட்டமே கொடுத்தது. அதுமட்டுமன்று. 2022 முதல் அங்குள்ள நகராட்சிகள், குறிப்பிட்ட விலைக்குட்பட்ட வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவதைத் தம் எல்லைக்குள் தடுக்கலாம். சாதாரண மனிதனுக்கு வீடு மிஞ்ச வேண்டும் என்பதே காரணம். அந்த ஒழுங்கின் பயனை அங்கே நன்றாக அனுபவித்துக்கொண்டு, இங்கே வந்து "காசு பிரச்சினையில்லை" என்பது எவ்வகை நியாயம்? (ஒல்லாந்தர் இலங்கையிலும் தோம்பு எழுதிக் காணிக் கணக்கு வைத்தவர்களே. வரி வாங்குவதற்காக, அது வேறு.)

காசு பிரச்சினைதான், யாருக்கு என்பதே கேள்வி. 2022 தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. சில மாதங்களில் அது 360ஐத் தொட்டது. ஆசிரியரின் சம்பளம் அவ்வாறு ஏறவில்லை. என் தங்கையின் மகன் வைத்தியசாலையில் தாதியன். மனைவி ஆசிரியை. இருவரும் இரண்டு ஆண்டுகளாக ஊருக்குள் ஒரு சிறு வீடு தேடுகிறார்கள். கடைசியாகப் பார்த்த வீட்டுக்காரர் விலையை யூரோவில் சொன்னார். "வெளியில இருந்து ஆள் வருவினம், தம்பி, அவசரமில்லை" என்றாராம். இவ்வூரிலேயே வாழ்ந்து, இவ்வூர் நோயாளிக்கு ஊசி போடுபவன் வாடகை வீட்டில். ஆண்டில் பதினெட்டு நாள் வருபவருக்கு மாடி வீடு.

புலம்பெயர்ந்தோர் செய்த நன்மையை நான் மறக்கவில்லை. நெருக்கடிக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அவர்கள் அனுப்பிய பணத்தில்தான். கோயில்கள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். அதைச் சொல்லாமல் எழுதுவது நன்றிகேடு.

ஆனால் ஒரு வாதத்தை மட்டும் என்னால் ஏற்க இயலாது. "நாங்கள் வாங்காவிட்டால் வேறு ஆட்கள் வாங்கிவிடுவார்கள், மண்ணைக் காக்கவே வாங்குகிறோம்" என்பது அந்த வாதம். மூவினமும் வாழும் மாவட்டத்தில் காணி பற்றிய அச்சம் கற்பனையன்று. கல்லோயா, கந்தளாய், அல்லை என்று தொடங்கிய குடியேற்றங்களின் வரலாறு அதற்குப் பின்னால் உண்டு. ஆனால் பூட்டிய வீடு எதைக் காக்கும்? பூட்டிய வீட்டுக்கு வாக்கில்லை. பூட்டிய வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை போவதில்லை. பிள்ளை குறைந்தால் வகுப்பு மூடும், ஆசிரியர் இடம் மாறுவார், கடைக்காரன் கடையைச் சாத்துவான். பின்னர் மிஞ்சிய குடும்பமும் நகருக்குப் போகும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, பத்தாண்டு எதிருரிமையோடு தடையின்றி இருந்தவன் நீதிமன்றத்தில் அக்காணியைத் தனதாக்கவும் முடியும். யாரும் எட்டிப் பாராத வளவு அதற்கு மிக வசதி.

நண்பனிடம் இவ்வளவையும் சொன்னேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டான். "அப்ப எங்கட ஊரில எங்களுக்கு இடமில்லை எண்டுறியா?" என்றான். குரல் கம்மியிருந்தது. அது எனக்கும் வலித்தது.

இடம் உண்டு. வா என்றேன். கட்டாதே, வாங்காதே, முதலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆறு மாதம் இரு. ஓகஸ்டில் அல்ல, ஐப்பசியில் வா. வாடைக்காற்று அடிக்கட்டும், கிணறு நிரம்பி முற்றத்தில் தண்ணீர் நிற்கட்டும், மின்சாரம் போகட்டும். அதன்பிறகும் இங்கேயே இருக்கப்போகிறாய் என்றால் குடியுரிமையை எடு, உன் பெயரில் எழுது, நொத்தாரிசிடம் நானே கூட்டிச்செல்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகத்தான் எண்ணமென்றால் என் மருமகனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் போ, நியாயமான வாடகைக்கு.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். மூன்று வாரமாயிற்று, இன்னும் அழைக்கவில்லை. இதை எழுதும்போது பக்கத்து வளவில் தேங்காய் விழும் சத்தம் கேட்கிறது. அவ்வீட்டுக்காரர் கனடாவில். பொறுக்க ஆளில்லாமல் விழுந்த தேங்காய்கள் முளைத்துப் படலைக்கு மேலால் தெரிகின்றன.