மரவள்ளித் தேமல்: தேறிய செடியை நம்பிக் குச்சி வெட்டாதீர்கள்!

மரபணு திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. 'நெல்லுக்கு வந்துவிட்டது, தேமல் தாக்காத மரவள்ளி எப்போது வரும்?' என்று கடத்தூர், பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டார விவசாயிகள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால், அதுவரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. தேமல் வைரஸைப் பற்றி ஆய்வுக்கூடம் ஏற்கெனவே கண்டறிந்த ஓர் உண்மையை, செலவில்லாமல் இந்தப் பட்டத்திலேயே நீங்கள் பயன்படுத்தலாம்.

செடிக்குள் நடக்கும் சண்டை

நம் நாட்டில் மரவள்ளித் தேமலை இரண்டு வைரஸ்கள் உண்டாக்குகின்றன. ஒன்று இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், மற்றொன்று இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். தமிழகத்தில் அதிகம் காணப்படுவது இரண்டாவது. இவை வயலுக்குள் வர இரண்டு வழிகள் உண்டு: நாம் நடும் விதைக்குச்சி, அடுத்து வெள்ளை ஈ.

வைரஸ் உள்ளே புகுந்ததும் செடி சும்மா இருப்பதில்லை. எந்த மரபணு எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. அதே ஏற்பாட்டைச் செடி வைரஸின் மீதும் திருப்புகிறது. வைரஸின் கட்டளைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து, மீதிக் கட்டளைகளையும் தேடிப் பிடித்து அழிக்கிறது. இதற்கு 'மரபணு அடக்கல்' என்று பெயர். வைரஸும் விடுவதில்லை. இந்த அடக்கலை முறியடிக்கும் புரதங்களை அது தயாரிக்கிறது.

இலங்கை வைரஸ் தாக்கிய செடியில் பல நேரம் செடியின் கை ஓங்குகிறது. முதலில் சுருண்டு மஞ்சள் திட்டுடன் வந்த இலைகளுக்கு மேலே, புதிய இலைகள் நல்ல பச்சையாக வருகின்றன. வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயரும்போது இந்த அடக்கல் வலுப்பெறுகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. தர்மபுரி வெயிலுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏமாறும் இடம் இதுதான்

செடி தேறிவிட்டது, ஆனால் வைரஸ் போய்விடவில்லை. குறைந்த அளவில் தண்டுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அறுவடை நேரத்தில் 'நல்ல பச்சையாக இருக்கிறதே' என்று அந்தச் செடியில் குச்சி வெட்டினால், அடுத்த பயிருக்கு நோயை நாமே கட்டுக்கட்டாக எடுத்துச் செல்கிறோம். நோயுள்ள குச்சியிலிருந்து முளைத்த செடியில்தான் மகசூல் இழப்பு அதிகம். செடி வளர்ந்த பிறகு வெள்ளை ஈ மூலம் நோய் வந்தால் பாதிப்பு குறைவு.

குச்சி எவ்வளவு தூரம் நோயைச் சுமக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே இருக்கிறது. இதே இலங்கை வைரஸ் 2015-இல் கம்போடியாவில் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் பரவியது. எல்லை தாண்டி வாங்கி விற்ற குச்சிகள் அதற்குப் பெரிய காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* விதைச்செடியை அறுவடை அன்று தேர்வு செய்யாதீர்கள். நட்ட முதல் மூன்று மாதங்களில் 15 நாட்களுக்கு ஒருமுறை வயலைச் சுற்றிப் பாருங்கள். தேமல் காட்டிய செடியின் தண்டில் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். பிறகு அது எவ்வளவு செழித்தாலும் விதைக்கு ஆகாது.

* நோயுள்ள செடிகள் குறைவாக இருந்தால் தொடக்கத்திலேயே பிடுங்கி அழித்துவிடுங்கள்.

* நேரடியாக நடாமல் குச்சிகளை நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு, 20 முதல் 25 நாட்கள் கவனியுங்கள். தேமல் தெரியும் நாற்றுகளை நீக்கிவிட்டு, மீதியை மட்டும் வயலுக்குக் கொண்டு செல்லுங்கள்.

* தேமலைத் தாங்கும் ரகங்களையும் பாருங்கள். திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ ரக்‌ஷா, ஸ்ரீ சுவர்ணா, ஸ்ரீ சக்தி ஆகிய எதிர்ப்பு ரகங்களை வெளியிட்டுள்ளது. சேகோ ஆலைகள் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்தே விலை வைப்பதால், முதலில் கொஞ்சம் இடத்தில் நட்டுப் பாயிண்ட் பார்த்த பிறகு பரப்பைக் கூட்டுங்கள்.

மரபணு திருத்தம் கைகொடுக்குமா?

அவசரப்பட வேண்டாம். வைரஸை வெட்டும் மரபணுக் கத்தரியை மரவள்ளிக்குள் வைத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளியானது. நோய் நிற்கவில்லை. வைரஸ்களில் ஒரு பகுதி, வெட்டுப்படும் இடத்தையே மாற்றிக்கொண்டு தப்பித்தது. மாறாக, 2022-இல் வந்த செய்தி நம்பிக்கை தருகிறது. ஆப்பிரிக்க ரகங்களில் உள்ள தேமல் எதிர்ப்புக்கு, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் இயந்திரத்தின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றமே காரணம் என்று கண்டறிந்தார்கள். இனி நாற்றுப் பருவத்திலேயே இந்த அடையாளத்தைச் சோதித்து, எதிர்ப்புள்ளதைப் பிரித்தெடுக்க முடியும். ஆனாலும் புதிய ரகம் உங்கள் வயலுக்கு வர ஆண்டுகள் ஆகும்.

அரசு செய்ய வேண்டியது

கண்ணுக்குத் தெரியாத நோயைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழக்கமான பி.சி.ஆர். சோதனை, மரவள்ளி இலையில் உள்ள வைரஸையும் காட்டிவிடும். ஒவ்வொரு விவசாயியும் சோதிக்கத் தேவையில்லை. விதைக்குச்சிக்காகவே வளர்க்கும் தாய் வயல்களில் மாதிரி எடுத்துச் சோதித்தால் போதும். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இவற்றை இணைத்து, வட்டாரத்துக்குச் சில தாய் வயல்கள் அமைத்து, சோதித்த குச்சிக்குச் சான்று வழங்கலாம்.

நெல் விதை வாங்கும்போது மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். மரவள்ளிக் குச்சியையோ பக்கத்து வயலில் கேட்டு வாங்கி வந்து நடுகிறோம். இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். அதுவரை, பெயிண்ட் டப்பாவுடன் வயலைச் சுற்றி வருவதுதான் உங்கள் கையில் உள்ள சோதனை.