பழைய பிளேடை ஜீன்ஸில் தேய்த்தால் கூர் திரும்புமா?

‘ஷேவிங் பிளேடை ஜீன்ஸ் துணியில் பின்பக்கமாக இருபது தடவை தேய்ங்க, புதுசு மாதிரி ஆகிடும்!’ இந்த டிப்ஸை நம்பி நானும் ஒரு வாரம் செய்து பார்த்தேன். நாலாவது நாள் கழுத்தெல்லாம் எரிச்சல். அன்றைக்கு ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஆசை ரொம்பப் பழசு. கிங் கேம்ப் ஜில்லெட், தீட்டவே தேவையில்லாத பிளேடை 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் வருஷம் விற்றது வெறும் 51 ரேஸர், 168 பிளேடு. பிறகு அது உலகமெங்கும் பரவியதும், தூக்கிப் போட மனசு வராதவர்கள் கண்ணாடி டம்ளரின் உள்பக்கத்தில் பிளேடைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். செக்கோஸ்லோவாகியாவில் கரேல் டிர்பால் என்பவர், சின்ன பிரமிடுக்குள் வைத்தால் பிளேடு கூராகவே இருக்கும் என்று சொல்லி 1959-ல் காப்புரிமையே வாங்கிவிட்டார். நிஜமாகத்தான்!

டம்ளர் வித்தையில் அன்றைக்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. அப்போது பிளேடு வெறும் கார்பன் ஸ்டீல். இப்போது வருவது, ஓரத்தில் மெல்லிய பூச்சு கொடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நான்ஸ்டிக் தவாவில் இருக்கிற அதே வகைப் பூச்சுதான். அது போனால், வீட்டில் எதில் தேய்த்தாலும் திரும்ப வராது. ‘சலூன்ல அந்தக் காலத்தில் தோல் வார்ல தீட்டுவாங்களே’ என்று அப்பா கேட்பார். அது தடிமனான சவரக்கத்தி. நம்ம பிளேடோ 0.1 மில்லிமீட்டர்.

சரி, பிளேடு ஏன் மொக்கை ஆகிறது? அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஸ்டீலைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும், முடி வளைந்து சாய்வாக மோதும்போது பிளேடின் ஓரம் நுணுக்கமாகச் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. ஜீன்ஸில் தேய்த்தால் அழுக்கு போகும், லேசாக வளைந்த ஓரம் நிமிரலாம். பெயர்ந்த சில்லு எப்படி ஒட்டும்?

என் கருத்து இதுதான்: சில ரூபாய் பிளேடுக்காக முகத்தைப் பணயம் வைக்காதீங்க. காசு மிச்சம் பிடிக்கணும்னா, நூறு ரூபாயைத் தாண்டுகிற கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டு டபுள் எட்ஜ் ரேஸருக்கு மாறுங்கள். ஷேவிங்குக்கு முன்னால் தாடியை வெந்நீரில் நன்றாக ஊறவிடுங்கள். ஈரமான முடி சுலபமாக வெட்டுப்படும். தோலை இழுக்க ஆரம்பித்ததும் பிளேடை மாற்றிவிடுங்கள்.

‘குப்பை சேருமே’ என்ற கவலை நியாயமானது. ஆனால் அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பழைய பிளேடை அப்படியே குப்பைக் கவரில் போடுகிறோம். அதைப் பிரிப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. காலி டின் ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, பிளேடுகளை அதற்குள் தள்ளுங்கள். நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதித் தனியாகக் கொடுங்கள். என் பாத்ரூமில் இருப்பது ஒரு பழைய பவுடர் டப்பா. இன்னும் பாதிகூட நிறையவில்லை.