தெருவை அடைத்துவிட்டால் போதும்

ஐரோப்பா அகதிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டது என்று நம் தோழர்கள் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. கதவு சட்டப்படி இன்னும் திறந்துதான் இருக்கிறது. அடைத்து வைத்திருப்பது தெருவை.

இது நமக்குப் புதுசா என்ன? 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்கல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு. தெருவை அடைத்துவிட்டால் கோயில் கதவுக்குப் பூட்டே தேவையில்லை என்பது சாதிக்குத் தெரியும். ஐரோப்பிய அரசுகளுக்கும் தெரிந்திருக்கிறது.

1951 அகதிகள் உடன்படிக்கையை பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் ஏற்றவை. உயிருக்கு ஆபத்து என்று அந்த மண்ணில் நின்று ஒருவர் கேட்டால் விசாரிக்காமல் திருப்பி அனுப்பக்கூடாது. சரி, அந்த மண்ணில் எப்படிக் கால் வைப்பது? நான் மயிலாப்பூரில் பேங்க் கவுன்ட்டரில் உட்காருகிறவன். விசாவுக்காக பேலன்ஸ் சர்ட்டிபிகேட் கேட்டு தி.நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வருகிறார்கள். பணம் காட்டணும், சுற்றிப் பார்க்கப் போகிறவன் திரும்பி வருவேன் என்று நம்பவைக்கணும். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் எந்தக் கணக்கைக் காட்டுவான்? திரும்பி வருவேன் என்று எப்படிச் சொல்வான்?

விசா இல்லாமல் விமானம் ஏறலாமே என்றால், அந்தத் தெருவை அடைத்ததே நம்மாட்களைக் காட்டித்தான். 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த ஈழத்தமிழர்கள் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று போராடினார்கள். அடுத்த மாதமே மசோதா வந்தது: சரியான பேப்பர் இல்லாத பயணியை ஏற்றி வந்தால், தலைக்கு 1000 பவுன் விமானக் கம்பெனிக்கு அபராதம். அன்றிலிருந்து விமானக் கம்பெனி குமாஸ்தாவே காவல்காரன். 2001இல் ஐரோப்பிய ஒன்றியமும் இதே வழியில் அபராதத்தைக் கூட்டியது.

மிச்சம் இருப்பது கடல். 2021 அக்டோபரில் தென்னிந்தியக் கரையிலிருந்து கிளம்பிய ஈழத்தமிழர்களின் படகு தத்தளித்து, பிரிட்டன் வசமிருந்த டீகோ கார்சியா தீவில் ஒதுங்கியது. மூன்று வருஷம் கூடாரத்தில் அடைத்து வைத்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று அத்தீவுப் பகுதியின் நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னது.

முடியாமல் இல்லை. 2022 மார்ச்சில் உக்ரைன் மக்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு என்று சட்டத்தைத் திறந்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இடம் பெற்றார்கள். தெரு திறந்தால் ஐரோப்பா மூழ்கிவிடாது என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். ஐரோப்பா தெருவை அடைத்தது. இந்தியா கதவே வைக்கவில்லை. 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. பதிவு பெற்று 2015 ஜனவரி 9க்குள் வந்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனை விலக்கு 2025 செப்டம்பரில் கிடைத்தது. அது குடியுரிமை அல்ல. தமிழ்நாடு அரசு 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பலகை மாறியது, வாழ்க்கை?

முகாம்களில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கணும். ஏஜெண்டுக்குக் கொடுக்க வழியிருந்தவர்கள் பாரிஸுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். காசில்லாதவர்கள் படகில் மண்டபத்துக்கு வந்தார்கள். அவர்களில் மலையகத்தவர் கணிசம். வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன நம் சேரி சனங்களின் பிள்ளைகள். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000 என்று தலையை எண்ணிப் பங்கு போட்டார்கள். சனங்களை யாரும் கேட்கவில்லை. பங்கில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பங்களின் வாரிசுகளும் இன்று முகாமில் 'வெளிநாட்டவர்'.

ஈழத்துக்காக மேடையில் முழங்கும் கட்சிகள் இந்தச் சனங்களின் சாதியைப் பேசுவதில்லை. அதை நாம்தான் பேச வேண்டும். தலித் இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இரண்டு வரி சேரட்டும்: மலையக வம்சாவளியினருக்கு உடனே குடியுரிமை, யார் வந்து கேட்டாலும் விசாரிக்கும் ஓர் அகதிச் சட்டம். பர்மாவிலிருந்து வந்த ரோஹிங்கியாவுக்கும் சேர்த்துத்தான். நமக்கு மட்டும் தெருவைத் திற என்று வைக்கத்தில் யாரும் கேட்கவில்லை.