குறைமாதச் சிசுக்களும் கிருமிக்கொல்லி மருந்தும்

ஒரு தேசத்தின் க்ஷேமத்தை அதன் கஜானாவைக் கொண்டு அளப்பவர் பலர். தொட்டிலைக் கொண்டு அளப்பதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். 2020-ம் வருஷத்தில் இந்தியாவில் சுமார் 30 லக்ஷம் குழந்தைகள் 37 வாரம் நிரம்புமுன் பிறந்தன என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். வேறெந்த நாட்டிலும் இத்தனை குறைமாதப் பிரசவங்கள் இல்லை. இச்சிசுக்களில் பலவற்றிற்கு முதல் நாளிலேயே செலுத்தப்படும் ஆண்டிபயாடிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

அம்மருந்தை நிந்திப்பது நமது நோக்கமன்று. குறைமாதச் சிசுவின் இரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரிடலாம். அடையாளங்களோ தெளிவாகத் தெரிவதில்லை. ஆகையால் தக்க சந்தேகம் தோன்றியவுடன் வைத்தியர் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் முதலியவற்றைத் தொடங்குவது முற்றும் நியாயமே. தொடங்கிய மருந்தை எப்பொழுது நிறுத்துவது என்பதே கேள்வி.

பிறந்த குழந்தையின் குடலில் நன்மை புரியும் நுண்ணுயிர்கள் குடியேறுதல் அவசியம். தாய்ப்பாலில் குழந்தையால் ஜீரணிக்க இயலாத சில சர்க்கரைப் பொருள்கள் இருக்கின்றன. அவை பிபிடோபாக்டீரியா என்னும் நல்ல நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகின்றன. கிருமிக்கொல்லியோ நண்பனென்றும் பகைவனென்றும் பாராமல் அழிக்கிறது. காலியான இடத்தில், மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிக் கிருமிகள் பெருகுகின்றன. முதிராத குடற்சுவரையுடைய சிசுவுக்கு இதனால் குடல் அழுகும் கொடிய வியாதி நேரிடக்கூடும் என வைத்திய நிபுணர் அஞ்சுகின்றனர்.

இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 1,000 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த 4,039 சிசுக்களைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2009-ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. இரத்தப் பரிசோதனையில் கிருமி காணாதிருந்தும், 5 நாட்களோ அதற்கு மேலோ மருந்து பெற்ற சிசுக்களிடையே குடல் அழுகலும் மரணமும் அதிகமாய்க் காணப்பட்டன. மருந்தே காரணமென்று இது ஐயமற நிரூபித்துவிடவில்லை; ஆயினும் எச்சரிக்கைக்கு இது போதும். 2016-ல் வெளிவந்த டெல்லி ஆராய்ச்சியோ, சிசுக்களிடம் கண்ட கிளெப்சியெல்லா கிருமிகளில் பாதிக்கு மேற்பட்டவை பல மருந்துகளுக்கும் அடங்காதவை என்று தெரிவித்தது. இன்று வீணாய்ச் செலவிடும் மருந்து நாளை வேண்டும்போது பயன்படாமற் போகும்.

36 முதல் 48 மணி நேரத்திற்குள் பரிசோதனையில் கிருமி வளராமலும், சிசு நலமாகவும் இருந்தால் மருந்தை நிறுத்திவிடலாம் என்பது வைத்திய சாஸ்திரத்தின் இன்றைய போதனை. ஆனால் பரிசோதனையின் முடிவு வந்து சேராதபோது வைத்தியர் எந்தத் தைரியத்தில் நிறுத்துவார்? குற்றம் அவருடையதன்று, பரிசோதனைச் சாலையை இரவும் ஞாயிறும் நடத்தப் பணம் ஒதுக்காத ஆட்சியினுடையதேயாகும்.

அரியாங்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். புதுவைக்குத் தெற்கேயுள்ள இவ்வூரிலிருந்து கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்குச் செல்லப் புதுவை நகரத்தையே கடக்க வேண்டும். 1823-ல் பிரெஞ்சுக்காரர் ஸ்தாபித்த வைத்தியப் பள்ளியின் வழிவந்த அந்த ஸ்தாபனத்தில், 2016 முதல் 'அமுதம்' என்னும் தாய்ப்பால் மையம் உண்டு. இது புதுவைக்குப் பெருமையே. ஆனால் சிசு அங்கேயும் தாய் இங்கேயுமாய்ப் பிரிந்தால், அக்குழந்தையின் குடலுக்கு முதற்காவலாகிய பால் எவ்வாறு போய்ச்சேரும்?

ஆகவே நாம் கோருவன மூன்று. சிசுக்களைப் பராமரிக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இரத்தப் பரிசோதனை இடையறாது நடைபெற வேண்டும். சிசுவின் அருகிலேயே தாய் தங்க இடம் அளிக்க வேண்டும். எத்தனை சிசுக்களுக்கு எத்தனை நாள் மருந்து கொடுக்கப்பட்டது என்ற கணக்கை ஆண்டுதோறும் பொதுஜனங்களுக்கு வெளியிட வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு கடமையுண்டு. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற எண்ணத்தை வீடுதோறும் சென்று போக்குங்கள். வைத்தியர் 'போதும்' என்று நிறுத்தும்பொழுது, அது அலக்ஷியமன்று, அறிவே என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். வாக்குரிமையற்ற இச்சின்னஞ்சிறு பிரஜைகளுக்காகப் பேச நம்மையன்றி யாருளர்?