ஏரிக்கு நான்கு புறமும் சுவரா?

நகரங்களிலுள்ள ஏரிகளைச் சீர்திருத்துவதாகச் சொல்லிச் செய்யப்படும் வேலைகளில் ஒரு முறை வழக்கமாகிவிட்டது. சுற்றிலும் கல்லாலும் சிமெண்டாலும் சுவர், சுவரோரமாக நடைபாதை, நடைபாதை நெடுக விளக்கு. பார்வைக்கு அழகுதான். ஆனால் ஏரி ஜலத்தொட்டியன்று என்பதை இதைச் செய்வோர் மறந்துவிட்டனர்.

நம் முன்னோர் ஏரிக்குத் தாழ்ந்த புறத்தில் மட்டுமே கரை போட்டார்கள். மேட்டுப்புறத்தைத் திறந்தே விட்டார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் அங்கே தடையின்றி வந்து பரவும், கோடையில் பின்வாங்கும். கோரையும் அல்லியும் செழிக்கும் அந்த ஆழமற்ற ஓரமே மீன்களின் பிரசவ அறை. விரால் அங்கேதான் பூண்டுகளை விலக்கி இடம் செய்து முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காக்கிறது. வேறு பல மீன்கள் புதுவெள்ளத்தை எதிர்த்து வாய்க்கால்களில் ஏறி, ஜலம் பரந்த தாழ்நிலங்களில் முட்டையிடுகின்றன. செங்குத்தாகச் சுவரெழுப்பினால் இந்த ஓரம் அடியோடு அழிகிறது. வரத்துக்காலை அடைத்தால் மீனுக்கும் வழியில்லை, வெள்ளத்துக்கும் வழியில்லை. மீன் ஏரியை விட்டுப் போகிறது. வெள்ளமோ வீட்டுக்குள் வருகிறது.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கதையைப் பாருங்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பிலுள்ள பல ஏரிகளின் உபரி ஜலம் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலில் கலக்கிறது. இதன் ஓரங்களைச் சாலைகளும் கட்டிடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் பல்லாண்டுகளாக அரித்துத் தின்றன. மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது. மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் அதற்கு ஜலம் அனுப்பும் ஏரிகளின் கதி என்ன?

இங்கேதான் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மத்திய சர்க்காரின் 2017-ஆம் வருஷத்து ஈரநில விதிகள், சராசரி உச்சவெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டிடம் கூடாதென்கின்றன. நல்ல விதி. ஆனால் பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் உண்டாக்கிய ஏரிகளை அவ்விதிகளே ஈரநிலக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டன. தமிழ்நாட்டு ஏரிகளில் மிகப் பல பாசனத்துக்காக உண்டானவையல்லவா? சென்னையைச் சுற்றிலும் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாகிவிட்டன, பாசனம் போய்விட்டது, 'பாசன ஏரி' என்ற பெயர் மட்டும் நின்று, ஏரிக்குக் கிடைக்க வேண்டிய காவலைத் தடுக்கிறது! 2007-ல் நம் மாநிலம் இயற்றிய ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஏரியின் எல்லைக்குள் புகுந்த ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கானது. எல்லையை ஒட்டிய ஓரத்துக்கு அந்த 50 மீட்டர் காவலை அது அளிக்கவில்லை.

சுவரில்லாவிட்டால் ஆக்கிரமிப்பாளர் நுழைந்துவிடுவார்களே என்பார்கள். நியாயமான பயந்தான். வேலி போடட்டும், ஆனால் வெள்ளம் எட்டும் எல்லைக்கு அப்பால் போடட்டும். நடைபாதையும் அங்கேயே அமையட்டும். ஏழைகள் குடியிருக்க இடம் வேண்டாமா என்றும் கேட்பார்கள். வேண்டும். ஆனால் வருஷந்தோறும் வெள்ளம் புகும் பள்ளத்தில் அவர்களைக் குடிவைப்பது தர்மமாகாது.

மாநில சர்க்கார் செய்ய வேண்டியது மூன்று. ஏரிகளின் உச்சவெள்ள எல்லையை அளந்து கல் நடுக. பாசன ஏரிகளுக்கும் 50 மீட்டர் விதியைச் சட்டமாக்குக. மேட்டுப்புறத்தில் சுவரெழுப்புவதை இன்றே நிறுத்துக. ஓரத்தைக் காத்தால் மீன் தானே பெருகும்; அதை நம்பிப் பிழைக்கும் வலைஞர் குடும்பமும் பிழைக்கும். ஓரத்தை இழந்தபின் வருஷந்தோறும் மீன்குஞ்சு வாங்கி விடுவது, விளைநிலத்தை விற்றுவிட்டு அரிசிக்கு அலைவது போலாகும்.