காலை உணவு இரவிலேயே தொடங்குகிறது



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். காலை பத்து மணி இருக்கும். முதலாண்டு மாணவியர் தனி ஊசல் சோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஊசல் இருபது முறை அலைவுற எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு மாணவி மூன்று முறை குறித்திருந்தாள். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. அலைவுகளை எண்ணுவதில் தவறு செய்கிறாள் என்பது தெரிந்தது. "இருபது வரை எண்ணுவதற்குக் கூடவா கவனம் இல்லை?" என்று கடிந்துகொண்டேன். சிறிது நேரத்தில் அவள் மேசையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

ஆய்வக உதவியாளர் ஓடிப்போய்ச் சர்க்கரை போட்ட பால் வாங்கிவந்தார். அதைக் குடித்துத் தெளிந்த பிறகு, "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"டீ குடித்தேன் சார். நாலரை மணிக்கு எழுந்து வீட்டில் ஆறு பேருக்கும் இட்லி ஊற்றி வைத்துவிட்டேன். ஏழு மணிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எனக்குச் சாப்பிட நேரமில்லை."

ஆறு பேருக்குச் சமைத்தவள் பட்டினியாக வந்திருக்கிறாள்! அன்று அந்தச் சோதனையில் பெரிய பிழை செய்தவன் நான்தான். பசியைச் சோம்பல் என்று தவறாகக் கணித்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

காலையில் சாப்பிட வேண்டும் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் "நேரமில்லை" என்று எல்லோருக்கும் பதில் சொல்கிறீர்கள். அந்தப் பதிலைத்தான் இங்கே ஆராயப் போகிறேன். நேரம் இருக்கிறது, அது இரவில் இருக்கிறது என்பது என் கட்சி.

உறங்கும்போதும் ஓடும் எந்திரம்

முதலில் பசியின் கணக்கைப் பார்ப்போம். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டால் இடைவெளி 12 மணி நேரம். காலை உணவை விட்டுவிட்டுப் பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் 17 மணி நேரம். இந்த நேரம் முழுவதும் உடல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. இதயம் துடிக்கிறது, நுரையீரல் விரிந்து சுருங்குகிறது, மூளை ஓய்வதே இல்லை.

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால், உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. திறன் கணக்கில் சொன்னால், இரவும் பகலும் அணையாமல் எரியும் 15 அல்லது 20 வாட் விளக்கு. அந்த விளக்குக்கு முக்கியமான எரிபொருள் குளுக்கோஸ். இரவில் குளுக்கோஸ் வருவது கல்லீரலின் சேமிப்பிலிருந்து. கிளைக்கோஜன் என்ற வடிவில் அங்கே இருக்கும் இருப்பு சுமார் 100 கிராம்தான். விடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

அதனால் மூளை நின்றுவிடுமா? நிற்காது. உடல் கொழுப்பை எரித்தும், வேறு பொருள்களிலிருந்து குளுக்கோஸைத் தயாரித்தும் சமாளிக்கும். ஆகவே, காலையில் சாப்பிட்டால் வகுப்பில் முதலிடம் வந்துவிடும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். பசித்த வயிற்றோடு கணக்குப் போடுகிறவன் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறான். கணக்கையும் கவனிக்க வேண்டும், பசியையும் அடக்க வேண்டும். வளரும் வயதில் அந்த இரண்டாவது வேலை உங்களுக்கு எதற்கு?

கூலி கேட்காத வேலையாட்கள்

நம் முன்னோர் காலை உணவை எப்படி அமைத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இட்லி, பழைய சோறு, கூழ், ஊறவைத்த பயறு. இவை எல்லாவற்றிலும் பெரும்பகுதி வேலை நாம் உறங்கும்போதே நடந்துவிடுகிறது. செய்கிறவர்கள் யார்? தண்ணீரும் நுண்ணுயிர்களும்.

இட்லியை எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மாவைக் கரைத்து வைத்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. ரொட்டி செய்கிறவர்கள் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். நாம் எதையும் சேர்ப்பதில்லையே, பிறகு எப்படிப் பொங்குகிறது? லியூகோனாஸ்டாக் மெசென்ட்ராய்டஸ் என்னும் பாக்டீரியாவுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என்று 1965-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இத்தகைய நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் தாமாகவே வந்து சேர்கின்றன. அவை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் வெளியிடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுக் குமிழ்களை ஓடிவிடாமல் பிடித்து வைக்கிறது. அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் மாவு புளிக்கும். ஆனால் இப்படிப் பொங்காது.

அரிசியும் உளுந்தும் சேர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடு செய்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இனி இட்லிக் கொப்பரைக்கு வருவோம். இங்கே நான் இயற்பியல் பேசாமல் இருக்க முடியாது. ஒரு கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் குளிரும்போது 40 கலோரி வெப்பத்தைத் தருகிறது. ஒரு கிராம் நீராவியோ முதலில் நீராகும்போதே 540 கலோரியைக் கொட்டிவிடுகிறது. பிறகு 60 டிகிரிக்குக் குளிரும்போது இன்னும் 40. மொத்தம் 580. கொதிநீரைப் போல் பதினான்கு மடங்குக்கும் மேல்! வகுப்பில் நீங்கள் படிக்கும் உள்ளுறை வெப்பம் இதுதான். எண்ணெய் இல்லாமல், கருகாமல், பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் இட்லி வெந்துவிடுவதற்குக் காரணமும் இதுதான். மாவுக்குள் இருக்கும் குமிழ்கள் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாகும்போது சார்லஸ் விதிப்படி கிட்டத்தட்ட கால் பங்கு விரிகின்றன. தட்டில் தட்டையாக ஊற்றிய மாவு உப்பிய இட்லியாக வருவதில் இதற்கும் பங்கு உண்டு.

அடுத்தது பழைய சோறு. இரவு மீந்த சோற்றில் நல்ல தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் போதும். லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதை இலேசாகப் புளிக்க வைக்கின்றன. காலையில் மோரும் உப்பும் சேர்த்துச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடலாம். அடுப்பே தேவையில்லை. ஆனால் பாத்திரமும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். குடிக்கத் தகுந்த தண்ணீரையே ஊற்ற வேண்டும். காலையிலேயே உண்டுவிட வேண்டும். கெட்ட வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். நல்ல நுண்ணுயிர் வளரும் இடத்தில் தீயதும் வளரக்கூடும் அல்லவா?

கேழ்வரகுக் கூழைப் பற்றிச் சொல்லும்போது என் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பள்ளி நாள்களில் எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் கூழ்தான். "என்ன சாப்பிட்டாய்?" என்று நண்பர்கள் கேட்டால் "தோசை" என்று பொய் சொல்வேன். கூழ் ஏழைகளின் உணவு என்ற வெட்கம் எனக்கு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம்தான் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே படித்தேன். எலும்பு வளரும் வயதில் எது உயர்ந்த உணவு? நான் தோசை என்று பொய் சொன்னபோது என் தாயின் அறிவைத்தான் குறைத்துப் பேசியிருக்கிறேன்.

கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு ஆகியவற்றை இரவில் ஊறவைத்தால் காலையில் குக்கரில் விரைவாக வெந்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. பச்சைப்பயற்றை ஒரு நாள் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை வந்திருக்கும். உலர்ந்த பயற்றில் அனேகமாக இல்லாத உயிர்ச்சத்து சி, முளைவிடும்போது உண்டாகிறது. ஒன்றுமே முடியாத நாளில் அவல் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்ததுதான் அவல். அதைத் தண்ணீரில் நனைத்துத் தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்க்கப் பத்து நிமிடம் போதும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

உணவுக் கணக்கில் கலோரி என்று சொல்வது நம் ஆய்வகக் கலோரியைப் போல் ஆயிரம் மடங்கு, அதாவது கிலோகலோரி. உங்கள் வயதில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,400 முதல் 2,900 கிலோகலோரி தேவைப்படும். அதில் கால் பங்கையாவது காலையில் பெறுவது என்று வைத்துக்கொண்டால் 600 முதல் 700. சிறிய இட்லி ஒன்றில் 50 அல்லது 60 கிலோகலோரிதான் இருக்கும். நான்கு இட்லியில் 240-ஐத் தாண்டாது. எனவே வெறும் இட்லியும் நீர்த்த சட்னியும் போதா. பருப்பு நிறைந்த சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு வாழைப்பழம் என்று சேர்த்தால் கணக்கு நேராகும். கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், ஏறத்தாழ 170 கிலோகலோரியும் நல்ல புரதமும் தரும். விலை உயர்ந்த டப்பா மாவுகளை விட இது மலிவு.

இன்னொன்று. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்காதீர்கள். பயற்றிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதை அது தடுக்கிறது. மாறாக, எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்குத் துணை செய்கின்றன. 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. வெறும் தேநீரோடு பஸ் ஏறிய அந்த மாணவியை இந்த எண்ணோடு சேர்த்தே நான் நினைத்துக்கொள்கிறேன்.

யார் செய்வது?

இப்போது மீண்டும் அவளிடமே வருகிறேன். அவளுக்கு இட்லியின் பயன் தெரியாதா? மாவு இல்லையா? எல்லாம் இருந்தன. ஆறு பேர் உள்ள வீட்டில் ஒருத்தி மட்டும் எழுந்தாள் என்பதுதான் குறை. நம்மில் பல வீடுகளில் அந்த ஒருத்தி தாய். சில வீடுகளில் அக்கா. எல்லோரும் உண்டு முடித்த பிறகு அவர்கள் நின்றுகொண்டே இரண்டு வாய் உண்கிறார்கள். அல்லது உண்பதே இல்லை.

தம்பிகளே, குறிப்பாக உங்களிடம் கேட்கிறேன். அரிசி களைந்து ஊறவைக்க ஆண் கை ஆகாதா? மாவுக்கு உப்பிட்டுக் கரைப்பது அமிலத்தை நீர்க்கச் செய்வதைவிடக் கடினமா? இரவு பத்து நிமிட வேலை. காலையில் பதினைந்து நிமிடம். வீட்டில் உள்ளவர்கள் இதைப் பகிர்ந்துகொண்டால் யாரும் நாலரை மணிக்கு எழ வேண்டியதில்லை. சமையல் தெரிவது உங்களுக்கும் ஒரு பலம். நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் சமைக்கத் தெரியாமல் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை!

ஊறவைக்க அரிசியே இல்லாத வீடுகளும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள சிறுவர்களுக்காக ஏற்பட்டது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிவாக்கப்பட்டது. பசி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. உயர்நிலை வகுப்புகளுக்கும் காலை உணவு தேவை என்பது என் கருத்து. உங்கள் வகுப்பில் காலையில் சோர்ந்து கிடக்கும் தோழன் இருந்தால், கேலி செய்யாதீர்கள். உங்கள் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நகர்த்துங்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

முடிவாக ஒரு செய்முறை. இன்று இரவு படுக்கப் போகுமுன் ஒரு கிண்ணம் பயற்றை எடையிட்டு, மூன்று கிண்ணம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் நீரை வடித்துவிட்டு மீண்டும் எடை பாருங்கள். எவ்வளவு கூடியிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு அதை நீங்களே வேகவைத்துத் தாளித்து, முதல் தட்டை உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குக் கொடுங்கள்.