சீவல் வேறு, தூள் வேறு

"மரத்தூள்தானே சார், இயற்கையான சமாச்சாரம். அது என்ன செய்துவிடும்?"

ஓய்வு பெற்றபின் மாடியிலோ கார் ஷெட்டிலோ சின்னதாக மரவேலைப் பட்டறை போட்டிருக்கும் என் வயதுக்காரர்கள் பலரிடம் இந்த வாக்கியம் தயாராக இருக்கிறது. கூடவே இன்னொன்றும் வரும்: "அந்தக் காலத்து ஆசாரிகள் மாஸ்க்கா போட்டுக்கொண்டார்கள்?"

இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

முதல் வாதத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். புகையிலையும் இயற்கைதான், அரளி விதையும் இயற்கைதான்.

இரண்டாவது வாதம்தான் ஆளை ஏமாற்றுவது. எங்கள் தெருவில் ஆசாரி இழைப்புளி போடுவதைச் சிறுவயதில் மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். சுருள் சுருளாகச் சீவல் வந்து விழும். அதைச் சாக்கில் அள்ளி வந்து வெந்நீர் அடுப்புக்குப் போடுவோம். கைரம்பத்தால் அறுத்தாலும் தூள் ரவை மாதிரி காலடியில்தான் கொட்டும். அவர் வேலை செய்த இடமும் திறந்த திண்ணை அல்லது வேப்பமர நிழல்.

நாம் செய்வது அந்த வேலையா? நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் வட்ட ரம்பம், அதிர்ந்துகொண்டே தேய்க்கும் சாண்டர், பத்துக்குப் பத்து அறை, ஒரே ஒரு ஜன்னல். இந்த இயந்திரங்கள் சீவலோடு நிற்பதில்லை, மரத்தை மாவாக்குகின்றன. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் ஆழம்வரை போகும் துகள் 10 மைக்ரானுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாது. நாம் கூட்டி அள்ளுகிறோமே, அது பெரிய தூள். சின்னது நம் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மெஷினை நிறுத்திய பிறகும் வெகுநேரம் மிதக்கும்.

பெரிய தூளும் சாது அல்ல, அது மூக்கில் தங்கும். நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் ஹை விகோம். அங்கே மரச்சாமான் தொழிலாளர்களிடையே அபூர்வமான ஒருவகை மூக்குப் புற்றுநோய் அதிகமாக இருப்பதை 1960-களிலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவு அது.

"நாம் என்ன ஆலையிலா வேலை செய்கிறோம்? வாரத்துக்கு நாலு மணி நேரம்" என்பீர்கள். நியாயம். ஆலைத் தொழிலாளிக்கு உள்ள புற்றுநோய் ஆபத்து நமக்கு இல்லைதான். ஆனால் இழுப்பும் இருமலும் நாள் கணக்குப் பார்த்து வருவதில்லை. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும். எம்.டி.எஃப். பலகை என்றால் தூளோடு பசையும் சேர்ந்து வரும். தவிர, நம் நுரையீரல் இருபது வயதுக்காரனுடையது அல்ல. அதே சட்டையோடு போய்ப் பேரனைத் தூக்குகிறோமே, அவனுடையது இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது.

அடுத்து நாம் நம்பும் பரிகாரங்கள். முகத்தில் துண்டு கட்டுவது: மிளகாய்ப்பொடிக்கு ஆகும், இந்தத் தூளுக்கு ஆகாது. மின்விசிறி: படிந்த தூளையும் கிளப்பிவிடும். துடைப்பமும் அப்படியே. மெஷினோடு வரும் துணிப்பை: பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு நுண்தூளை நெசவு வழியாக நம் முகத்துக்கே அனுப்பும். சாதாரண வாக்குவம் கிளீனரும் வடிகட்டி நன்றாக இல்லாவிட்டால் இதையேதான் செய்யும். தரை சுத்தமாகத் தெரியும், காற்று கெட்டிருக்கும்.

சந்தேகம் இருந்தால் இன்று ராத்திரி சாண்டர் ஓட்டிவிட்டு, விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். அந்த ஒளிக்கற்றையில் பறப்பதைப் பார்த்தபின் என்னோடு வாதாட வாருங்கள்.

செய்யவேண்டியது அதிகமில்லை. தூள் பிறக்கும் இடத்திலேயே பிடிக்கவேண்டும்: சாண்டரின் வாயிலேயே வாக்குவம் குழாய், அதற்கு ஹெப்பா வடிகட்டி. ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன், அதுவும் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்து இல்லாமல். எல்லாவற்றுக்கும் மேலே என்95 மாஸ்க். கொரோனா காலத்தில் அதைப் போடத் தெரிந்துகொண்டோமே. தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது, உள்ளே தூள் புகும். மெஷினை நிறுத்தியதும் கழற்றாதீர்கள், அறையை விட்டு வந்தபின் கழற்றுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். சட்டையை மாற்றுங்கள்.

மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நமக்கு, ஒரு வேளை டிபன் காசு மாஸ்க்குக்குக் கனக்கிறது. விற்கிற கடைக்காரரும் பிளேடு, பெல்ட் என்று பத்துச் சாமான் எடுத்து வைக்கிறார், இதை மட்டும் எடுத்து வைப்பதில்லை. கேட்பாரில்லை, அதனால் வைப்பாரில்லை.

நமக்காவது இது பொழுதுபோக்கு. நம் வீட்டு அலமாரிக்கு நாள் முழுக்கப் பிளைவுட் அறுக்கும் ஆசாரிக்கு இது பிழைப்பு. அவருக்கு வேளாவேளைக்குக் காபி கொடுக்கிறோம். நாளைக்கு ஒரு மாஸ்க்கும் கொடுங்கள். "பழகிப்போச்சு சாமி" என்பார். நுரையீரல் பழகாது என்று சொல்லிக் கையில் திணியுங்கள்.